ஆடம் பெட்டி ஓட்டிய ஒரே பெரிய பந்தயம்

பந்தயத் தடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தாய்மார்களே, தந்தைமார்களே,

எட்டு வயதிலோ பத்து வயதிலோ உங்கள் பிள்ளையை ஒரு கார்ட் வண்டியில் உட்கார வைத்தீர்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பி இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை கரி தடத்துக்கோ போகிறீர்கள். டயருக்கும் எஞ்சினுக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் வருமானத்தில் பெரும்பங்கு போகிறது. அதைத் தவறென்று சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை. ஒரு குழந்தைக்கு இவ்வளவு சீக்கிரம் தன் விருப்பம் தெரிந்துவிடுவது பெரிய பேறு. அதற்குத் துணை நிற்கும் பெற்றோர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் அறிந்திருக்க வேண்டிய ஓர் அமெரிக்க இளைஞன் இருந்தான். அவன் பெயர் ஆடம் பெட்டி. ஃபார்முலா ஒன் பெயர்களையே கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு அவனைத் தெரிந்திருக்காது.

அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் என்றால் நாஸ்கார். பார்வைக்குச் சாலையில் ஓடும் காரைப் போலத் தெரியும். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டும் பெரிய வி8 எஞ்சினும் இருக்கும். எடை ஒன்றரை டன். பெரும்பாலும் நீள்வட்டத் தடத்தில், கான்கிரீட் சுவரை ஒட்டியபடி, நாற்பது கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் ஓடும். இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருப்பதுதானே என்று நம் ஊர் ரசிகர்கள் சிலர் இதை மட்டமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மணிக்கு 300 கிலோமீட்டரில், பின்னால் வருபவனின் முன்பம்பர் தன் காரைத் தொட்டுக்கொண்டிருக்க, வளைவுக்குள் நுழையும் மனிதரைப் பற்றி அப்படிப் பேசக் கூடாது.

இந்தப் பந்தயத்தின் முதல் குடும்பம் பெட்டி குடும்பம். வட கரோலினா மாநிலத்தில் லெவல் கிராஸ் என்ற சிற்றூர்க்காரர்கள். கொள்ளுத்தாத்தா லீ பெட்டி 1949இல் நாஸ்காரின் முதல் பந்தயத்திலேயே ஓட்டியவர். மூன்று முறை சாம்பியன். 1959இல் நடந்த முதல் டேடோனா 500 பந்தயத்தை வென்றவர். தாத்தா ரிச்சர்ட் பெட்டி ஏழு முறை சாம்பியன், 200 வெற்றிகள். அந்த 200 என்ற எண்ணை அதன் பின் யாரும் நெருங்கக்கூட இல்லை. தந்தை கைல் பெட்டி எட்டுப் பந்தயங்களை வென்றவர். லீயின் கார் எண் 42, ரிச்சர்டின் எண் 43, கைல் ஓட்டிய எண்களில் ஒன்று 44. 1980 ஜூலையில் பிறந்த ஆடமுக்கு 45 காத்திருந்தது.

இந்தக் குடும்பம் ஆபத்தை அறியாத குடும்பம் அல்ல. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1961இல் டேடோனாவில் லீ பெட்டியின் கார் தடுப்பை உடைத்துக்கொண்டு தடத்துக்கு வெளியே பறந்தது. அவர் பிழைத்தார், ஆனால் அவருடைய பந்தய வாழ்க்கை ஏறக்குறைய அன்றோடு முடிந்தது. 1970இல் டார்லிங்டனில் ரிச்சர்டின் கார் உருண்டபோது, அவருடைய தலையும் கையும் ஜன்னலுக்கு வெளியே தொங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இன்று ஒவ்வொரு ஸ்டாக் காரின் ஓட்டுநர் ஜன்னலிலும் இருக்கும் வலை, அந்த விபத்துக்குப் பிறகு வந்ததுதான். 1975இல் டல்லடேகா தடத்தின் பிட் பகுதியில் அழுத்தமூட்டிய தண்ணீர்த் தொட்டி வெடித்து ரிச்சர்டின் மனைவி லிண்டாவின் தம்பி இறந்தார். அவரும் ரிச்சர்டின் குழுவில் வேலை பார்த்தவர். பந்தயம் என்ன விலை கேட்கும் என்பதை இவர்கள் வீட்டுக்குள்ளேயே கற்றிருந்தார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையனை யாராலும் நிறுத்தி வைக்க முடியாது. நிறுத்தவும் இல்லை. பதினெட்டு வயதை ஒட்டி அவன் பெரிய கார்களுக்கு வந்தான். 1998 செப்டம்பரில் மினசோட்டாவில் ஒரு பந்தயம். நடுவே பிட்டுக்குள் வந்த காரின் அடியில் குழுத் தலைவர் படுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். கிளம்பலாம் என்று சைகை வந்தது. ஆடம் காரை நகர்த்தினான். அடியில் இருந்தவர் இறந்துபோனார். பதினெட்டு வயதுப் பையன் அந்தப் பாரத்தை எப்படிச் சுமந்தான் என்று ஊகிக்க எனக்கு உரிமையில்லை. அந்த மாத இறுதியிலேயே அவன் மீண்டும் காரில் ஏறினான் என்பதும், ஆர்க்கா என்ற ஸ்டாக் கார் தொடரில், சார்லட் தடத்தில், தன் முதல் பந்தயத்தையே வென்றான் என்பதும் பதிவாகியிருக்கின்றன. தந்தை கைலும் தன் முதல் ஆர்க்கா பந்தயத்தைப் பதினெட்டு வயதில்தான் வென்றிருந்தார். பத்திரிகைகள் இந்த ஒற்றுமையைக் கொண்டாடின. அந்தச் செப்டம்பரை நினைக்கும்போது எனக்கு அந்தக் கோப்பையைவிட மினசோட்டாவின் பிட்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு சைகை தவறியது. சைகை கொடுப்பவர் யார், காரின் அடியில் ஆள் இருக்கும்போது அதைத் தடுக்க வேறு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று யாராவது முன்பே கேட்டிருக்க வேண்டும்.

1999இல் நாஸ்காரின் இரண்டாம் நிலையான புஷ் தொடரில் முழு ஆண்டும் ஓட்டினான். டேடோனாவில் முதல் பந்தயத்திலேயே ஆறாவது இடம். ஆண்டின் சிறந்த முடிவு நான்காவது இடம். மூன்று பந்தயங்களுக்குத் தகுதி பெறவே முடியவில்லை. மொத்தப் புள்ளிகளில் இருபதாவது. நன்றாகக் கற்றுக்கொள்ளும் பத்தொன்பது வயதுக்காரனின் கணக்கு இது. மேதையின் கணக்கு அல்ல. அவனைப் பற்றிப் பேசுபவர்கள் சில சமயம் இதை மறந்து, இருந்திருந்தால் தாத்தாவைத் தாண்டியிருப்பான் என்கிறார்கள். அப்படிச் சொல்வது அவனுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் யாரைத் தாண்டியிருக்கவும் வேண்டாம். சுமாரான டிரைவராக முப்பது ஆண்டு ஓட்டி, நரைத்த மீசையோடு வீடு திரும்பியிருந்தாலே போதும்.

2000 ஏப்ரல் 2. டெக்சாஸ் தடம். மேல்நிலையான வின்ஸ்டன் கப்பில் ஆடம் முதன்முறையாகத் தகுதி பெற்றான். 33ஆம் இடத்திலிருந்து தொடங்கினான். அமெரிக்க விளையாட்டு உலகில் ஒரே குடும்பத்தின் நான்காம் தலைமுறை தொழில்முறையாக உச்சநிலையை எட்டியது அன்றுதான் என்று எழுதினார்கள். தந்தை கைல் அன்று தன் காரில் தகுதி பெறவில்லை. உடல்நலமில்லாத இன்னொரு டிரைவருக்குப் பதிலாக நடுவில் ஏறி ஓட்டினார். தந்தையும் மகனும் ஒரே மேல்நிலைப் பந்தயத்தில் ஓடியது அந்த ஒரு நாள்தான். ஆடமின் எஞ்சின் பழுதானது. முடிவு: 40ஆம் இடம். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 5 அன்று, கொள்ளுப்பேரன் மேல்நிலைக்கு வந்துவிட்டான் என்ற செய்தியோடு லீ பெட்டி காலமானார். 2001இல் ஆடம் முழு ஆண்டும் மேல்நிலையில் ஓட்டுவதாக இருந்தது.

மே 12, வெள்ளிக்கிழமை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், லூடன் தடம். பந்தயம்கூட இல்லை, பயிற்சி ஓட்டம். இந்தத் தடம் நீளமான நேர்ப்பாதையும் இறுக்கமான, அதிகம் சாய்வில்லாத வளைவுகளும் கொண்டது. நேர்ப்பாதையின் முடிவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கை அழுத்தியாக வேண்டும். மூன்றாம் வளைவுக்குள் நுழையும்போது அவன் காலை எடுத்தான். த்ராட்டில் மூடவில்லை, திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட காரணம். கார் சுவரில் ஏறக்குறைய நேருக்கு நேராக மோதியது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தது. ஆடமுக்கு வயது பத்தொன்பது.

அந்த முறிவைப் பற்றி ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பந்தயக் காரின் சீட் பெல்ட் உடலை இருக்கையோடு இறுக்கிப் பிடித்துவிடும். தலையை எதுவும் பிடிப்பதில்லை. கார் சுவரில் மோதி நிற்கும் கணத்தில் உடல் நிற்கிறது. ஹெல்மெட்டோடு சேர்ந்த தலை மட்டும் முன்னே பாய்கிறது. அந்த முழு இழுப்பையும் கழுத்து தாங்க வேண்டும். தாங்க முடியாமல் மண்டையோட்டின் அடித்தளம் விரிசல் விடும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் மனிதர் இறந்துபோவார். ஹெல்மெட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

இதைத் தடுக்க ஒரு கருவி இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட், மனித உடல் மோதலை எப்படித் தாங்குகிறது என்பதை ஆராய்ந்தவர். அவருடைய மைத்துனர் ஜிம் டவுனிங் பந்தய டிரைவர். 1981இல் ஒரு நண்பர் இதே வகைக் காயத்தால் இறந்ததும் இருவரும் சேர்ந்து யோசித்தார்கள். மாட்டின் தோளில் நுகத்தடி உட்காருவது போல டிரைவரின் இரு தோள்களிலும் உட்காரும் ஒரு பட்டை. அதிலிருந்து ஹெல்மெட்டுக்கு இரண்டு வார்கள். தோள் பெல்ட் பட்டையை அழுத்திப் பிடிக்கும். பட்டை தலையைப் பிடிக்கும். அதற்கு ஹான்ஸ் என்று பெயர். 1990களின் தொடக்கத்திலேயே அது விற்பனைக்கு வந்துவிட்டது. ஆடம் இறந்தது 2000இல். இடையில் பத்தாண்டுகள். அந்நாளில் நாஸ்கார் டிரைவர்களில் அதை அணிந்தவர்கள் மிகச் சிலர். உறுத்துகிறது, தலையைத் திருப்ப முடியவில்லை, தீப்பிடித்தால் வெளியேறத் தடையாகும் என்று பலரும் மறுத்தார்கள். விதியும் கட்டாயப்படுத்தவில்லை.

ஹான்ஸ் அணிந்திருந்தால் ஆடம் பிழைத்திருப்பான் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அந்த மோதல் அவ்வளவு கடுமையானது. பிழைக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்; அந்த வாய்ப்பு கடையில் விற்றுக்கொண்டிருந்தது. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

அடுத்து நடந்தது இன்னும் கொடுமை. ஆடம் இறந்து எட்டு வாரத்தில், ஜூலை 7 அன்று, அதே லூடன் தடத்தில், அதே மூன்றாம் வளைவை ஒட்டி, அதே போலப் பயிற்சி ஓட்டத்தில் கென்னி இர்வின் ஜூனியர் என்ற டிரைவர் இறந்தார். அங்கேயும் த்ராட்டில் சிக்கியது என்றே கருதப்பட்டது. அங்கேயும் அதே முறிவு. உடனே செய்யப்பட்ட மாற்றங்கள் என்ன? எஞ்சினை நிறுத்தும் சுவிட்சை ஸ்டீரிங்கிலேயே, கட்டை விரலுக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொன்னார்கள். அது நல்ல மாற்றம். அதுவரை டாஷ்போர்டுக்குக் கையை நீட்டியாக வேண்டியிருந்தது; அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கும்? செப்டம்பரில் அதே தடத்தில் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகடுகளைப் பொருத்தி வேகத்தைக் குறைத்தார்கள். ஜெஃப் பர்ட்டன் 300 சுற்றுகளிலும் முன்னணியிலேயே இருந்து வென்றார். ரசிகர்கள் சலித்துக்கொண்டார்கள். தலையைப் பிடிக்கும் வார்கள் மட்டும் கட்டாயமாகவில்லை.

அக்டோபரில் டெக்சாஸில் டோனி ரோப்பர் என்ற டிரைவர் விபத்துக்குள்ளாகி இறந்தார். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட், கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கையில் இறந்தார். அவருக்கும் அதே முறிவு. அதே ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் சார்லட்டில் பிளேஸ் அலெக்சாண்டர் என்ற இளைஞர் இறந்தார். அதன் பிறகுதான், அந்த அக்டோபரில், தலைக்கும் கழுத்துக்குமான காப்பு நாஸ்காரில் கட்டாயமானது. பதினேழு மாதங்கள், ஐந்து உயிர்கள். 1964இல் ஃபயர்பால் ராபர்ட்ஸ் என்ற டிரைவர் தீக்காயங்களால் இறந்த பிறகே உடையாத பெட்ரோல் தொட்டிக்கு வழி பிறந்தது. ரிச்சர்டின் கை வெளியே தொங்கிய பிறகே ஜன்னல் வலை வந்தது. இந்த விளையாட்டில் விதிகள் எப்போதும் சவப்பெட்டிக்குப் பின்னால்தான் நடந்து வந்திருக்கின்றன.

மாற்றம் நிகழ்ந்த பிறகு அதன் பலன் எவ்வளவு பெரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் தலைமையிலான குழு, இரும்புக் குழாய்களும் அவற்றுக்குப் பின்னால் நுரைக் கட்டிகளும் கொண்ட சுவரை உருவாக்கியது. மோதும் காரின் வேகத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். 2002இல் இண்டியானாபொலிஸில் முதலில் நிறுவினார்கள்; பிறகு பெரிய தடங்கள் எல்லாவற்றிலும் வந்தது. எர்ன்ஹார்டுக்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களிலும் பந்தய விபத்தில் ஒரு டிரைவர்கூட இறக்கவில்லை. 2020 டேடோனா 500இல் ரயன் நியூமனின் கார் கவிழ்ந்து பறந்து, இன்னொரு காரால் இடிபட்டதைப் பார்த்தவர்கள் அவர் இறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். இரண்டு நாளில் தன் இரு மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தார். 2009 ஜூனில் ஜோயி லோகானோ என்ற பையன் மேல்நிலைப் பந்தயம் ஒன்றை வென்று, அதுவரையிலான மிக இளைய வெற்றியாளர் ஆனான். வென்ற இடம் அதே லூடன் தடம். அவனுக்கும் வயது பத்தொன்பது.

பெற்றோர்களே, கைல் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அவரைவிட அந்தப் பந்தயத்தை அறிந்த தந்தை உலகத்தில் இருந்திருக்க முடியாது. அப்பா ரிச்சர்ட், தாத்தா லீ, சொந்தப் பந்தய நிறுவனம், சொந்தப் பட்டறை, நாட்டின் சிறந்த மெக்கானிக்குகள். இருந்தும் அவர் மகனைச் சுற்றியிருந்த ஒரு முழு விளையாட்டும் ஓர் ஆபத்தைப் பழகிப்போன ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. கைலைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. மகன் இறந்த பிறகு அவனுடைய 45ஆம் எண் காரில் அவரே ஏறி உட்கார்ந்து பல ஆண்டுகள் ஓட்டினார். நோயுற்ற குழந்தைகளுக்காக ஒரு முகாம் தொடங்க வேண்டும் என்று ஆடம் அவரோடு பேசியிருந்தான். ஃபுளோரிடாவில் அப்படி ஒரு முகாமைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்கு அந்த எண்ணம். தாத்தாவும் பாட்டியும் நிலம் கொடுத்தார்கள். 2004இல் வட கரோலினாவின் ராண்டல்மனில் விக்டரி ஜங்ஷன் முகாம் திறந்தது. நாள்பட்ட நோயுள்ள குழந்தைகள் அங்கே பணம் கட்டாமல் வந்து தங்கி விளையாடுகிறார்கள். ஆடம் ஓட்டிய பந்தயங்களின் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அவன் வாழ்க்கை அந்தப் பட்டியல் மட்டும் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் ஊரிலும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2023 ஆகஸ்டில், சென்னைக்கு அருகே நடந்த தேசிய மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் பெங்களூருவைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அது கார் அல்ல, பைக், காரணங்களும் வேறு. ஆனாலும் பதின்மூன்று வயது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அடுத்த முறை தடத்துக்குப் போகும்போது, பொறுப்பேற்புப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தும் சுவிட்சைப் பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டுத் தொடச் சொல்லுங்கள்; தேட வேண்டியிருந்தால் அது தவறான இடத்தில் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விட்டதும் த்ராட்டில் தானாக மூடுகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். மெக்கானிக்குக் கோபம் வந்தால் வரட்டும். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, அது எவ்வளவு விலையானாலும், மீண்டும் போட விடாதீர்கள். கார்ட்டில் பெல்ட் இல்லாததால் ஹான்ஸ் அங்கே பயன்படாது. ஆனால் பிள்ளை கார்ட்டிலிருந்து பெல்ட் உள்ள காருக்கு மாறும் அந்த முதல் நாளில், முதல் பயிற்சிச் சுற்றிலேயே, அதை அணிந்திருக்க வேண்டும். பந்தய நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், ஆடமும் கென்னி இர்வினும் இறந்தது பயிற்சி ஓட்டத்தில் என்று அவர்களிடம் சொல்லுங்கள். பயிற்சி நாட்களிலும் ஆம்புலன்ஸ் நிற்கிறதா, அதில் மருத்துவர் இருக்கிறாரா, அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அன்று காரை இறக்காமல் திரும்பி வாருங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

தனியாகக் கேட்டால் உங்களைத் தொல்லைக்காரர் என்பார்கள்; பிள்ளைக்குப் பயந்தவர் என்ற பெயர்கூட ஒட்டிக்கொள்ளலாம். அதனால்தான் இந்த மடலை ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். பத்துப் பெற்றோர் சேர்ந்து ஒரே காலையில் ஒரே கேள்வியைக் கேட்டால் எந்த அமைப்பாளரும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வருகிற ஞாயிறு தடத்தில் உங்களுக்குப் பக்கத்தில் கார் நிறுத்தும் குடும்பத்தோடு இதைப் பேசிவிடுங்கள்.

அன்புடன்,
பந்தயங்களை நேசிக்கும் ஒரு வாசகர்